மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வாருங்கள்

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினாலும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டாலும், தினமும் குடிப்பவர் அன்றைக்கே நிறுத்திவிடுவார். சேலத்தில் பல வீடுகளில் அது நிம்மதியான நாள். அந்த உறுதியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் லீ பஜார் மூட்டை தூக்குபவர்கள், வெள்ளிப்பட்டறைக்காரர்கள், ஏற்காட்டு காபித் தோட்டக் குடும்பங்கள் நடுவே வேலை செய்யும் மனநல சமூகப் பணியாளன் என்ற முறையில், அடுத்து வரும் நான்கு நாட்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மது மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எந்நேரமும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடும். திடீரென மது நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் தொடங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், சொந்த வீடே தெரியாமல் வெளியே ஓடப் பார்ப்பார். "காத்து கருப்பு அடிச்சிருச்சுங்க" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். விரதத்தில் ஏதோ குறை, சாமி கோபம் என்று அழுகிறவர்களும் உண்டு. இது மதுவை நிறுத்தியதால் வரும் நோய். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள்.

மாலையைக் கழற்றச் சொல்லவில்லை. போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் வீட்டில் நிறுத்தவே கூடாது. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் உடனே 108.

இன்னொன்று. ஆள் சோர்ந்து கிடந்தால் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்கிறோம். சரியாகச் சாப்பிடாமல் குடித்தவரின் உடம்பில் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், ஞாபகம் நிரந்தரமாகவே போகலாம். அதனால் எந்த கிளினிக்குக்குப் போனாலும் குடிப்பவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

அப்புறம், குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பொடியும் மாத்திரையும். அதில் குடியை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, அவர் அன்று குடித்தும்விட்டால் வாந்தி எடுப்பார், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். சாவு வரைக்கும் போகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லித்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோயாகவே ஏற்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை.

நடுக்கம் அடங்கிய பிறகும் ஆசை மாதக்கணக்கில் இருக்கும். அதைக் குறைக்க மாத்திரைகள் உண்டு, தொடர்ந்து வர வேண்டும். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கினால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஒரு மாத மாத்திரை கிடைக்குமா, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.