கதிர் வாங்காத சோளத்தில் மாட்டைக் கட்டாதீங்க

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து, அதை நம்பிச் சோளம் விதைத்து, பயிர் முழங்கால் உயரம் வந்த நேரத்தில் வானம் கைவிட்டால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். பயிர் வாடிக் கிடக்கும் அந்த நாட்களிலும், வாடிய பயிர்மேல் மறுபடி ஒரு தூறல் விழுந்து துளிர் கிளம்பும் நாட்களிலும்தான், "டாக்டரம்மா, மாடு வுளுந்துருச்சுங்க" என்று போன் வரும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு காலை. நான் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கட்டுத்தரையில் ஏழு மாதச் சினை மாடு பக்கவாட்டில் கிடந்தது. வாயோரம் நுரை. வயிறு உப்பியிருந்தது. உயிர் இல்லை. கண்ணிமையை விலக்கிப் பார்த்தேன், உள்சதை செக்கச்செவேல் என்றிருந்தது. காது நரம்பில் எடுத்த ஒரு துளி ரத்தமும் அதே சிவப்பு. (திடீரென்று செத்த மாடு என்றால், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இல்லை என்று தெரியும்வரை யாரும் அறுக்கக் கூடாது. அந்தத் துளி ரத்தத்தை முதலில் எடுத்தது அதற்காகத்தான்.)

மாட்டுக்காரர் அறுபது வயது தாண்டிய ஆத்தா. பக்கத்துக் காட்டுப் பங்காளியோடு கிணற்றுத் தண்ணீருக்காக ரொம்ப நாள் தகராறு. "அவந்தான் கண்ணு, மருந்து வெச்சுப்போட்டான்" என்று அழுதார். ஊர் ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் முகத்திலும் அதே எண்ணம்தான் தெரிந்தது.

"காலையில என்ன ஆத்தா போட்டீங்க?"

"சோளந்தான் கண்ணு. நம்ம காட்டுச் சோளம். ஒரு சொட்டு மருந்து அடிக்கல. வாடிப்போகுதேன்னு ரெண்டு கட்டு அறுத்துப் போட்டேன். பசியா நின்னுச்சா, வாரி வாரித் தின்னுச்சு."

மருந்தடிக்காத சோளம்தான். நஞ்சு அந்தச் சோளத்துக்குள்ளேயே இருந்தது.

இளஞ்சோளத்தின் இலையில் துரின் என்று ஒரு மூலக்கூறு உண்டு. சோளத்துக்கு அரபு மொழியில் துர்ரா என்று பெயர். டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1902-ல் இதைச் சோளப்பயிரிலிருந்து பிரித்தெடுத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். துரின் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் வரை சாது. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு செல்லில். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் பையில் தனித்தனியாகக் கிடக்கும்போது எதுவும் சிவப்பதில்லை. வாயில் போட்டு மென்றால்தானே சிவக்கிறது? சோள இலையும் அப்படித்தான். மாடு மெல்லும்போது செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. மிச்சத்தை முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பிரித்துவிடும். வெளியே வருவது ஹைட்ரஜன் சயனைடு.

ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன். மூன்றே அணுக்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசப் போகும்போது இதைச் சொல்லிவிட்டு, "தண்ணியும் மூணு அணுதான்" என்பேன். இரண்டும் கட்டப்பட்ட விதம் வேறு. ஒன்று உயிரைக் காக்கும், ஒன்று எடுக்கும். பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். பெரியவர்களுக்குத்தான் "செடியில எப்படிங்க சயனைடு?" என்ற சந்தேகம் தீராது. ஓட முடியாத இளம் பயிர், வெட்டுக்கிளியும் ஆடுமாடும் தன்னை மொட்டையடிக்காமல் இருக்க வைத்துக்கொண்ட காவல் அது. பயிர் முற்ற முற்ற அதன் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். தண்ணீர் இல்லாமல் குன்றிப்போன பயிரிலும், அறுத்த அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் மறுதாம்பிலும், யூரியா அதிகம் போட்ட காட்டிலும் கூடும்.

இந்தச் சயனைடு உடம்புக்குள் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், ரத்தம் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்பதும் புரியும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்துபோய் ஒவ்வொரு செல்லின் வாசலிலும் நிற்கிறது. அதைப் பயன்படுத்தும் நொதியில் ஓர் இரும்பு அணு உண்டு. சயனைடு போய் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சரக்கு வந்து நிற்கிறது, இறக்க ஆள் இல்லை. ஆக்சிஜன் இறங்காத ரத்தம் சிவப்பு மாறாமல் திரும்புகிறது. மூச்சு விட்டுக்கொண்டே மாடு மூச்சடைத்துச் சாகிறது. மேய்ந்து பதினைந்து, இருபது நிமிஷத்திலேயே தொடங்கிவிடும்: வேகமாக மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், தள்ளாடி விழும்.

உயிரைப் போக்கும் அளவு, மாட்டின் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 650 மாத்திரையில் உள்ள மருந்தை விடக் குறைவு. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடம்பு சமாளித்துவிடும். கல்லீரல் அதோடு கந்தகத்தைச் சேர்த்து, தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். பசித்த மாடு அவசரமாக வாரித் தின்னும்போதுதான் கல்லீரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால்தான் பச்சைத் தீவனத்துக்கு முன்னால் ஒரு பிடி வைக்கோலோ காய்ந்த சோளத்தட்டோ போடுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

மாற்று மருந்து உண்டு. முதலில் சோடியம் நைட்ரைட், பிறகு சோடியம் தயோசல்பேட், இரண்டையும் நரம்பில் ஏற்றுவோம். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவப் பயன்படுத்திய ஹைப்போதான் இந்தத் தயோசல்பேட். கல்லீரலுக்குத் தேவையான கந்தகத்தை அது கொடுக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பையில் ஹைப்போ இல்லாமல் போய் நின்றேன். ஒரு காங்கேயம் எருது என் கண்முன்னே அடங்கியது. அன்றிலிருந்து என் பையில் அது இல்லாத நாள் இல்லை.

மருந்து இருக்கிறதே என்று யாரும் தாமாக ஊசி போட்டுவிடக் கூடாது. அதே வாடிய சோளம் நைட்ரேட் நஞ்சாலும் மாட்டைச் சாய்க்கும். யூரியா போட்டு மழை இல்லாமல் போனால் தண்டில் நைட்ரேட் தேங்கும். வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினையே ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி கெடுத்துவிடும். அப்போது ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அதற்கு மருந்து மெத்திலின் புளூ. அந்த மாட்டுக்குப் போய் சோடியம் நைட்ரைட் போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். வெளியே பார்க்க இரண்டுக்கும் ஒரே தள்ளாட்டம், ஒரே மூச்சிரைப்பு. ரத்தத்தின் நிறம்தான் எங்களுக்கு வழி சொல்லும்.

ஆகவே மாடு தடுமாறினால் தீவனத்தை உடனே எடுத்துவிட்டு, பக்கத்து மருத்துவருக்கோ கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கோ போன் செய்யுங்கள். எண்ணெய், மோர் என்று எதையும் வாயில் புகட்டாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். என்ன தீவனம், பயிருக்கு எத்தனை நாள், உரம் எப்போது போட்டது என்று போனிலேயே சொன்னால் நாங்கள் வரும்போதே மருந்தைத் தயாராக எடுத்து வருவோம்.

என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, இந்த வேதியியல் எதுவும் தெரியாது. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் வெள்வேல மர நிழலும் கொழுக்கட்டைப் புல்லும்தான் அவர் உலகம். ஆனால் சோளக்காடு பூவெடுத்துக் கதிர் வாங்கும்வரை படலைச் சாத்தியே வைத்திருப்பார். கன்றுக்குட்டி உள்ளே புகுந்தால் ஓடிப்போய் இழுத்து வருவார். "எளம்பயிரு கடிக்குங் கண்ணு" என்பார். இன்று தீவனச் சோளத்தைக் கறவை மாட்டுக்காக அவசர அவசரமாக அறுக்கிறோம். அவசரம் புரிகிறது, பால் பணம்தான் பல வீட்டில் மளிகைக் கடன் அடைக்கிறது. ஆனாலும் கதிர் வாங்கும்வரை பொறுங்கள். பொறுக்க முடியாமல் அறுத்தால் நன்றாகக் காயவிடுங்கள். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த தட்டில் அது பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். போரில் அடுக்கிய சோளத்தட்டைத் தலைமுறை தலைமுறையாக மாடுகள் தின்று நன்றாக இருப்பது இதனால்தான். அரைகுறையாக வாடியதுதான் ஆபத்து.

நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் மரவள்ளி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கிழங்கு பிடுங்கிய காட்டில் கிடக்கும் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்ற மூலக்கூறு இதே வேலையைச் செய்யும். ஆட்டுப்பட்டியை அவிழ்த்து அங்கே விட்டுவிடாதீர்கள். மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை: சோளச்சோறு, சோளக்களி சாப்பிடப் பயமே வேண்டாம், முற்றிய மணியில் துரின் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பச்சைப்பயறு போலச் சோளத்தையும் முளைகட்டி, முளையோடு பச்சையாகச் சாப்பிடும் புதுப் பழக்கம் வேண்டாம். முளையில்தான் துரின் அதிகம்.

ஆத்தாவின் கட்டுத்தரைக்கு வருகிறேன். தொட்டியில் மிச்சமிருந்த சோள இலையைக் கத்தரியால் பொடியாக நறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டேன். போரிலிருந்து உருவிய பழைய காய்ந்த தட்டை இன்னொரு குப்பியில். இரண்டிலும் கொஞ்சம் தண்ணீர், ஓரிரு சொட்டு குளோரோபார்ம். சயனைடு ஆவி பட்டால் சிவக்கும், பிக்ரேட் தோய்த்த மஞ்சள் காகிதத் துண்டைத் தக்கையில் செருகி, இலை மேல் படாமல் தொங்கவிட்டு மூடினேன். குப்பியை உள்ளங்கைச் சூட்டில் பிடித்தபடி நின்றேன். கூட்டம் பேச்சை நிறுத்தியிருந்தது. ஐந்து நிமிஷத்தில் காகிதத்தின் கீழ் ஓரம் ஆரஞ்சானது. பிறகு காவி. கடைசியில் முழுத்துண்டும் செங்கல் நிறம். பழைய தட்டுக் குப்பியில் காகிதம் அப்படியே மஞ்சளாக இருந்தது.

ஆத்தா இரண்டு குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாந்தான் போட்டுக் கொன்னுபோட்டேனா கண்ணு" என்றார். "இல்லீங்க ஆத்தா, உங்களுக்கு யாரும் சொல்லல" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

குப்பியை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் பங்காளி வீட்டுக்கு நடந்தேன். ஆத்தாவும் பின்னாலேயே வந்தார். பங்காளி காட்டிலும் அதே மழைக்கு விதைத்த, அதே வயதுச் சோளம். ஓரத்தில் இரண்டு கிடாரிகள் கட்டியிருந்தன, கயிறு எட்டும் தூரத்துக்குப் பயிர். காகிதத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் ஆத்தாவைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. வேகமாகப் போய் இரண்டு கிடாரிகளையும் அவிழ்த்து வந்து, வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கட்டினார்.