வீட்டுச் சேர்வர்: ஆள் இல்லையா, பொருள் இல்லையா?

உங்கள் கணினியிலேயே சேர்வர் (கேட்ட வலைப்பக்கத்தை அனுப்பும் செய்நிரல்) நிறுவிவிட்டு, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்ததும் 404 வந்தால் பாதி வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைச் சொல்வது உங்கள் சேர்வர்தான்: நான் இருக்கிறேன், நீ கேட்ட பொருள்தான் இல்லை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் கதை வேறு. அங்கே பதில் சொல்ல ஆளே இல்லை. அப்பாச்சி சேர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி மூன்றையும் ஒரே பொதியாகத் தருவது ஸாம்ப். உயர்தர வகுப்புச் செயற்றிட்டத்துக்காக அதை நிறுவும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென நினைத்து, ஒழுங்காக ஓடும் அப்பாச்சியை அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்கிவிடுவார்கள்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1. இந்த முகவரிக்குப் போகும் கோரிக்கை வீட்டுப் படலையைத் தாண்டுவதே இல்லை, கணினிக்குள்ளேயே போய் வருகிறது. ரவுட்டரை அணைத்தாலும், டேட்டா முடிந்தாலும் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் இணைப்புத் தந்தவரைத் திட்டிப் பயனில்லை.

அப்பாச்சி தொடங்கவே மறுத்தால் முதலில் போர்ட் 80ஐ, அதாவது வலைப்பக்கக் கோரிக்கைகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, சந்தேகப்படுங்கள். வேறொரு செய்நிரல் அங்கே ஏற்கெனவே குந்தியிருக்கலாம். கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ தெரிவுகளோடு இயக்கி, உள்ளூர் முகவரி ‘:80’ என்று முடியும் வரியைப் பாருங்கள். வரிக் கடைசியில் இருக்கும் எண்ணை (அது செய்நிரலின் அடையாள எண்) டாஸ்க் மனேஜரில் தேடினால் ஆள் பிடிபடும். எண் 4 என்றால் அது விண்டோஸின் கருவே. அதை நிறுத்த முடியாது. அதன் பின்னால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வலைச் சேர்வரான ‘வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங்’ சேவை இருக்கும், அதைச் சேவைகள் பட்டியலில் நிறுத்தலாம். ஸ்கைப் முன்பு 80ஐப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை மூடச் சொல்லும் பழைய ஆலோசனைகள் இன்னும் உலாவுகின்றன. 2025 மே மாதத்தில் ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது.

சண்டை வேண்டாமென்றால் அப்பாச்சியை 8080க்கு மாற்றுங்கள். ஸாம்ப் பலகத்தில் அப்பாச்சி வரியிலுள்ள கொன்ஃபிக் பொத்தானை அழுத்தி, முதல் கோப்பில் ‘லிஸன்’, ‘சேர்வர்நேம்’ ஆகிய இரண்டு வரிகளிலும் 80ஐ 8080 ஆக்கிவிட்டு, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும். அதன் பிறகு முகவரியிலும் :8080 சேர்த்தே அடிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மாற்றம் பலிக்கவில்லை என்பார்கள்.

போனில் பார்க்க லோக்கல்ஹோஸ்ட் உதவாது. போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் போன்தான். கணினியின் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடியுங்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘நேரம் கடந்தது’ என்று வந்தால் பெரும்பாலும் மறிப்பது கணினியின் காவல் வேலியான ஃபயர்வோல். வேலியில் ஒரு பொட்டு (ஆள் நுழையும் சிறு வழி) விடுவதுபோல, அப்பாச்சிக்கு மட்டும், தனியார் வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். முழு வேலியையும் பிடுங்க வேண்டாம்.

பக்கத்துக்குப் பதிலாக பிஎச்பி நிரல்வரிகளே தெரிந்தால், கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பீர்கள். ஸாம்பின் எச்டிடாக்ஸ் அடைவில் (சேர்வர் பக்கங்களை எடுக்கும் இடம்) வைத்து முகவரி அடித்துத் திறங்கள். கோப்பு கண்முன்னே இருந்தும் 404 வந்தால், நோட்பேட் அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டியிருக்கலாம். 500 (சேர்வருக்குள்ளேயே பிழை) வந்தால் ஊகிக்காமல் அப்பாச்சியின் பிழைப் பதிவின் கடைசி வரிகளை வாசியுங்கள்.

கரண்ட் நின்று வந்தபின் மரியாடிபி எழும்பாவிட்டால் அவசரப்படக் கூடாது. எழுதிக்கொண்டிருந்த தரவு அரைகுறையாக நின்றிருக்கலாம். பெரும்பாலும் அது தன் பதிவேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது, எதையும் தொடுமுன் ஸாம்பின் ‘மைஎஸ்க்யூஎல்’ அடைவுக்குள் இருக்கும் ‘டேட்டா’ அடைவு முழுவதையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு மூல அடைவின் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்திலிருக்கும் ‘பேக்கப்’ அடைவைப் பிரதியெடுத்து ‘டேட்டா’ என்று பெயரிடுங்கள். பழையதிலிருந்து உங்கள் தரவுத்தள அடைவுகளையும் ‘ஐபிடேட்டா1’ கோப்பையும் மட்டும் கொண்டுவாருங்கள். அந்த ஒரு கோப்பை விட்டுவிட்டால் அட்டவணைகளின் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. எந்த அட்டவணை எங்கே என்ற குறிப்பு அதற்குள்தான் இருக்கிறது.

எல்லாம் ஓடியும் தமிழ் கெடுவது தனிக் கதை. கடைப் பட்டியலில் ‘பனாட்டு’ என்று பதிந்தால் ‘???????’ என்று வருகிறது. எண்ணிப் பாருங்கள், ஏழு. கண்ணுக்கு நாலு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடுக்கு ப, ன, கால், ட, புள்ளி, ட, உகரக்குறி என ஏழு குறிகள். யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. பிஎச்பியின் சாதாரண நீள அளவையும் 21 என்றே சொல்லும். அட்டவணை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 எழுத்துத்தொகுதியில் இருந்தால் இந்த ஏழில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழுகிறது.

அட்டவணையை எல்லா மொழியையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துத்தொகுதிக்கு மாற்றுங்கள். பிஎச்பி தரவுத்தளத்தோடு இணைந்த உடனேயே அந்த இணைப்பின் எழுத்துத்தொகுதியையும் அதுவே என்று அறிவியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கோளாறு வேறு உருவில் திரும்பி வரும். தரவுத்தளத்தை உலாவியில் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினில் பார்க்கும்போதும் கேள்விக்குறியாகவே இருக்கும் பதிவுகள் மீளா. அங்கே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையான கேள்விக்குறிகள்தான், பனாட்டை மறுபடி தட்டச்சுச் செய்யத்தான் வேண்டும்.