சிவனொளிபாதமலையின் நிழல் ஏன் முக்கோணமாகத் தெரிகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து சிவனொளிபாதமலைக்கு வெளிக்கிடுகிறவர்களுக்குப் படியும் குளிரும்தான் பெரிய யோசனை. குடாநாட்டில் மலையே இல்லை. 2,243 மீற்றர் உயரமும், நல்லதண்ணியிலிருந்து ஏறும் 5,000க்கு மேற்பட்ட படிகளும் எங்கள் கால்களுக்குப் பழக்கமில்லாதவை. குளிரின் கணக்கு எளிது. ஒரு கிலோமீற்றர் மேலே போனால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும்; கரையோரத்தைவிட உச்சியில் ஏறத்தாழ 14 பாகை குறைவு.

ஆனால் இவ்வளவு தூரம் ஏறிய பிறகு தவறவிடக்கூடாதது ஒன்று இருக்கிறது. விடியும்போது எல்லாரும் கிழக்கே பார்த்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு மேற்குப் பக்கம் திரும்புங்கள். பள்ளத்தாக்கின் மேல், கருநீல நிறத்தில், ஓரம் பிசகாத ஒரு முக்கோணம் விழுந்திருக்கும்.

மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் கூம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் காரணமல்ல. உச்சி தட்டையாகவோ கரடுமுரடாகவோ உள்ள மலையிலும், உச்சியில் நிற்பவருக்கு நீண்ட நிழல் முக்கோணமாகவே தெரியும்.

சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் கதிர்கள் ஏறக்குறைய சமாந்தரமாக வருகின்றன. நிழலின் இரண்டு ஓரங்களும் சமாந்தரமாகவே நீள்கின்றன. ஆனையிறவு வெளியில் நேராக ஓடும் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வதுபோல் தெரிகின்றன அல்லவா? அதே தோற்றம்தான் இது. நாம் நிழலின் தொடக்கத்தில் நின்று அதன் நீளவாக்கில் பார்க்கிறோம். ஓரங்கள் குவிவது சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியை நோக்கி.

நிழல் தரையில் மட்டும் விழுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்துளியும் தூசியும் ஒளியைச் சிதறவைக்கும். மலை மறைத்த பகுதியில் அந்தச் சிதறல் இல்லை. அதனால் மெல்லிய புகார் உள்ள காலையில் நிழல் காற்றிலேயே எழுந்து நிற்பதுபோல் தெரியும்.

நேரம் அதிகம் கிடைக்காது. எங்கள் அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்ட நிமிர்ந்தே ஏறும்; சுமார் 20 நிமிடத்தில் 5 பாகை. அந்த உயரத்தில் நிழலின் நீளம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். பிறகு விறுவிறென்று மலையடிக்கு ஒதுங்கிவிடும்.

பௌர்ணமியை ஒட்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் வாய்க்கலாம். முழுநிலவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால், வானம் வெளித்திருந்தால், மறையப்போகும் நிலவு அந்த முக்கோணத்தின் கூர்முனைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.