கத்தியைச் சுருக்கிய அறுவை மருத்துவர்கள்

மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் வாய் திறக்காத பெண்கள் என்னிடம் இன்றும் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "மார்பையே எடுத்துவிடுவீர்களே, டாக்டர்." பெரியம்மாவுக்கோ அத்தைக்கோ நடந்ததைப் பார்த்து வளர்ந்த பயம் அது. அந்தக் காலத்தில் அது நியாயமான பயம்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பகம், அடியிலுள்ள தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் அகற்றிவிடுவார்கள். பல பத்தாண்டுகள் அதுவே வேதம். அதைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் மிலான் நகரத்து அறுவை மருத்துவர் உம்பெர்த்தோ வெரோனேசி. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுள்ள பெண்களில் ஒரு சாராருக்கு முழு அறுவை, மறுசாராருக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு என்று 1973இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இருபது ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2002இல் வெளிவந்தது. உயிர் பிழைப்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தனியாக நடத்திய ஆய்வும் அதையே சொன்னது.

வெரோனேசி மிலானின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குத் தலைமை தாங்கியவர். 1994இல் அங்கேயே ஐரோப்பியப் புற்றுநோய்க் கழகத்தையும் நிறுவினார். ஆய்வை நடத்துவதைவிட, சக அறுவை மருத்துவர்களைச் சிறிதாக வெட்டச் சம்மதிக்க வைப்பதே கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெரிதாக வெட்டுபவரே பெரிய மருத்துவர் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் ஊறிப்போன ஒன்று.

இங்கே சிங்கப்பூரில் 1999இல் தேசியப் புற்றுநோய் நிலையம் உருவானபோது அதன் முதல் இயக்குநரும் ஓர் அறுவை மருத்துவரே: பேராசிரியர் சூ கீ சீ. அறுவை, மருந்து, கதிர்வீச்சு மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இன்று சிகிச்சையை நான் தனியாக முடிவு செய்வதில்லை. டியூமர் போர்டு எனப்படும் கூட்டத்தில் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து பேசி முடிவெடுக்கிறோம். "நீங்கள்தானே பெரிய டாக்டர், நாளைக்கே எடுத்துவிடுங்கள்" என்று மகன்மார் கோபப்படுவதுண்டு. சிலருக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே அறுவை செய்கிறோம். அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான தாமதம் வீட்டில் மறைத்த மாதங்களில்தான்.

எல்லாருக்கும் சிறிய அறுவை பொருந்தாது. கட்டிகள் பல இடங்களில் இருந்தால், அல்லது கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தால், மார்பகத்தை முழுவதும் எடுப்பதே நல்லது. அப்போதும் மார்பகத்தை மீண்டும் அமைக்க வழிகள் உண்டு. இன்னொன்று: சிறிய அறுவையை மட்டும் ஏற்றுக்கொண்டு, கதிர்வீச்சுக்குத் தினமும் அலைய முடியாது என்று பாதியில் நின்றுவிடாதீர்கள். அதே மார்பில் நோய் திரும்பும் ஆபத்தைக் குறைப்பது அதுதான்.

50 வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பதுகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். ஆனால் இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை. கட்டி கையில் தட்டுப்பட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் வந்தால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம்.