முதலாளியை நம்புங்கள், நாமினேஷன் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்

"பாஸ் பி.ஆர். போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார் சார்." ஆஸ்திரேலியாவில் குடிவரவு ஆலோசகராகத் தொழில் செய்யும் என் காதில் அதிகம் விழும் வாக்கியம் இதுதான். பி.ஆர். என்றால் நிரந்தர வதிவிடம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் தேதியில் போட்டார்? டி.ஆர்.என். நம்பர் தெரியுமா?" விண்ணப்பம் போட்டதும் கிடைக்கும் அடையாள எண் அது. பெரும்பாலும் பதில் வராது. சிலருக்கு முகம் சுருங்கிவிடும், முதலாளியைச் சந்தேகப்படச் சொல்கிறேனோ என்று. அப்படியெல்லாம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய முதலாளிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் நினைத்திருப்பது எதுவும் குடிவரவுத் துறையின் கணினியில் ஏறாது. விண்ணப்பம் ஏறினால்தான் ஏறும்.

எந்தக் காகிதம் யாருடையது என்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. முதலில் நிறுவனம் ஸ்பான்சராக அங்கீகாரம் வாங்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அடுத்து, இந்தப் பதவிக்கு இந்த ஆள் வேண்டும் என்று நிறுவனம் போடுவது நாமினேஷன். மூன்றாவதுதான் விசா விண்ணப்பம். இந்த மூன்றில் உங்களுடையது கடைசி ஒன்று மட்டுமே. முதல் இரண்டும் முதலாளியின் சொத்து. நாமினேஷனை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் உங்கள் விசா விண்ணப்பமும் தாக்குப்பிடிக்காது.

482 என்று எல்லோரும் சொல்லும் விசா 2024 டிசம்பர் 7 முதல் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற பெயரில் வருகிறது. அது தற்காலிக விசா. நிரந்தர வதிவிடம் தருவது 186. முதலாவது கைக்கு வந்ததுமே "பி.ஆர். பாதி முடிஞ்சுது" என்று ஊருக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் 186-க்குப் புது நாமினேஷன், புது விசா விண்ணப்பம், புதுக் கட்டணம் எல்லாம் வேண்டும். எதுவும் தானாக நடக்காது. ஆங்கிலத் தேர்விலும் 482-க்குப் போதுமானதாக இருந்த மதிப்பெண் இங்கே போதாது; ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் நான்கு பிரிவிலும் தலா 6 வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படிக்க நேரம் கிடைக்கும். இரண்டு வருடம் கழித்து, வாரம் ஆறு நாள் வேலை, கைக்குழந்தை என்று ஆன பிறகு கிடைக்காது. ஆகவே சீக்கிரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

482-இல் இருந்து 186-க்குப் போகும் வழியில் கேட்கப்படுவது இரண்டு ஆண்டு முழுநேர வேலை. முன்பு இது மூன்று ஆண்டாக இருந்தது. 2023 நவம்பரில் குறைத்தார்கள். அந்தக் காலம் முழுவதும் ஒரே முதலாளியிடம் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2024 டிசம்பரில் அதையும் தளர்த்தி, அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் வேலை பார்த்த காலமும் சேரும் என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், பத்து ஆண்டுகளில் தொழிலாளர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி இது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் பழைய விதிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இப்போ மாறினா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று பயந்து, வசவையும் சம்பளப் பாக்கியையும் சகித்துக்கொண்டு இருப்பவர்கள் இருக்கிறார்கள். சில முதலாளிகளுக்கு இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். சொல்லத்தான் மாட்டார்கள்.

வேலை போனால் என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல், ஸ்பான்சரிடம் இருந்து விலகியவருக்குப் புது ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள் வரை அவகாசம் உண்டு. முன்பு இது வெறும் 60 நாள். இந்த இடைவெளியில் வேறு வேலை பார்க்கவும் அனுமதி இருக்கிறது. ஆனால் ஸ்பான்சர் அல்லாதவரிடம் பார்க்கும் வேலை இரண்டு ஆண்டுக் கணக்கில் சேராது. சம்பளம் இல்லாத விடுப்பும் அப்படித்தான். நாலு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர், தன் கணக்குக்கும் துறையின் கணக்குக்கும் நாலு மாதம் இடிப்பதைக் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிப்பார்.

இன்னொரு கண்ணி, பதவி உயர்வு. கேட்டால் சிரிப்பு வரும், சிக்கியவருக்கு வராது. ஓர் உணவகத்தில் 'குக்' என்ற தொழிலில் 482 பெற்றவர். உழைப்பாளி. இரண்டாவது ஆண்டு முடியும்போது முதலாளி சந்தோஷமாக அவரை 'செஃப்' ஆக்கி, அதே பெயரில் 186 நாமினேஷன் போடத் தயாரானார். தொழில்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. குக் 351411, செஃப் 351311. இந்த வழியில் 482-இல் பார்த்த தொழிலும் 186-இல் கேட்கும் தொழிலும் முதல் நான்கு இலக்கங்களில் ஒத்துப்போக வேண்டும். ஒன்று 3514, மற்றது 3513. பார்த்த இரண்டு ஆண்டும் பயன்படாமல் போயிருக்கும். போடுவதற்கு முன்பு காட்டியதால் தப்பித்தார். உண்மையிலேயே செஃப் வேலைதான் பார்க்கப்போகிறார் என்றால் செஃப் என்று புது 482 நாமினேஷன் போட்டு அதிலிருந்து எண்ண வேண்டும். இல்லையென்றால் திறன் மதிப்பீடும் மூன்று ஆண்டு அனுபவமும் காட்டி நேரடி வழியில் போக வேண்டும். பார்வைக்கு விசிட்டிங் கார்டில் ஒரு சொல் மாறுகிறது, அவ்வளவுதான். உங்கள் நாமினேஷனில் இருக்கும் ஆறு இலக்கம் என்ன என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

வயது பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 186 விண்ணப்பம் போடும் நாளில் 45 முடிந்திருக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கு அவை பொருந்துவதில்லை. 42 வயதில் 482-க்கு வருகிறவர், சேர்ந்த நாளிலேயே காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு முதலாளியிடம் பேச வேண்டும். "அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்ற பதில் 30 வயதுக்காரருக்கு வெறும் தாமதம். இவருக்கு அதோடு கதை முடிந்துவிடும்.

இனி பணம். இதைப் பற்றிப் பேசத்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

482-இன் 'கோர் ஸ்கில்ஸ்' எனப்படும் மையப் பிரிவில் 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 76,515 டாலர், 'சூப்பர்' என்ற ஓய்வூதியச் சேமிப்பு தனி. ஒவ்வொரு ஜூலையிலும் இது ஏறும். இந்தத் தொகையைக் கொடுக்க மனமில்லாத சிலர் கண்டுபிடித்த வழி, வங்கியில் முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டு ஒரு பங்கைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒருவர் தன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை என் மேசையில் வைத்தார். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை ஏ.டி.எம்.மில் 600 டாலர். பக்கத்தைத் திருப்பினால் அதே கிழமை, அதே ஏ.டி.எம்., அதே 600. அவர் என்னிடம் கேட்டது, "எழுத்துல எதுவும் இல்லையே சார், எப்படி நிரூபிக்கிறது?" எல்லாம் எழுத்தில் இருக்கிறது, வங்கியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஆண்டுக்கு 15,600 டாலர். அதைக் கழித்தால் அவருடைய உண்மையான சம்பளம் சட்டம் சொல்லும் அளவுக்கு வெகு கீழே. அதைவிட அநியாயம், கையில் நிற்காத அந்தப் பணத்துக்கும் அவர்தான் வரி கட்டியிருந்தார்.

ஸ்பான்சர் செய்வதற்குப் பணமோ வேறு பலனோ கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் 14 முதல் ஆஸ்திரேலியாவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. பணத்தை நீட்டுகிறவருக்கும் அபராதம் உண்டு, விசா ரத்து ஆகலாம். "அவர்தானே கேட்டார்" என்பது கொடுத்தவரை முழுதாகக் காப்பாற்றாது. இதைச் சொன்னால் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறேன். விசாவைக் காட்டி மிரட்டித் தொழிலாளியைச் சுரண்டலுக்கு உடன்பட வைப்பது 2024 ஜூலை 1 முதல் தனிக் குற்றம். சுரண்டலை எதிர்த்துப் போராடுபவர் நாட்டில் தங்க உதவும் விசாவும், விசா ரத்தில் இருந்து பாதுகாப்பு தரும் ஏற்பாடும் அதே மாதம் சோதனைத் திட்டங்களாக வந்தன. சமூகச் சட்ட மையங்களில் ஆலோசனை இலவசம். பணம் கொடுத்துவிட்டவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். முதலாளியிடம் போய்ச் சண்டை போடுவதெல்லாம் அப்புறம்.

சின்ன அளவிலும் இது நடக்கும். பயிற்சி நிதிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தொகை ஒன்று இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி டாலருக்குக் கீழே உள்ள நிறுவனம் 482-க்கு ஆண்டுக்கு 1,200, 186-க்கு ஒரே தடவையாக 3,000 டாலர் கட்டும். பெரிய நிறுவனம் 1,800, 5,000. இதைத் தொழிலாளியின் தலையில் கட்டவே கூடாது. 482-க்கான ஸ்பான்சர் அங்கீகாரச் செலவும் நாமினேஷன் செலவும், அவற்றுக்கான ஏஜென்ட் கட்டணமும் அப்படியே. உங்கள் விசா விண்ணப்பக் கட்டணத்தை நீங்கள் கட்டுவதில் தவறில்லை. ஏஜென்ட் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்து எழுத மறுப்பவரிடம் ஏதோ இருக்கிறது.

ஏஜென்ட் என்றதும் ஒன்று. முதலாளி கூட்டிவந்த ஏஜென்ட் உங்கள் ஏஜென்ட்டும்தானா? ஒருவரே இரண்டு பக்கமும் பார்ப்பது சகஜம், எல்லாம் சுமுகமாகப் போகும்வரை சிக்கல் இல்லை. முதலாளிக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வந்த நாளில் அவர் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஆகவே விண்ணப்பத்தின் நகல், கட்டிய ரசீது, டி.ஆர்.என். மூன்றையும் போட்ட அன்றே வாங்கி வையுங்கள். அந்த எண் இருந்தால் துறையின் இணையதளத்தில் உள்ள உங்கள் சொந்த இமி அக்கவுண்ட்டில் விண்ணப்பத்தைச் சேர்த்து நிலையைப் பார்க்கலாம். கொடுக்க மறுத்தால், உங்களைப் பற்றித் துறையிடம் உள்ள ஆவணங்களைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம், கட்டணம் கிடையாது. கையில் இருக்கும் விசாவின் நிலையை வீவோ என்ற துறையின் இணையச் சேவையில் பார்த்துவிடலாம்.

கடை கைமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. பெயர்ப் பலகை அதே, மெனு அதே, அடுப்பில் நிற்பவரும் நீங்களே. ஆனால் பே ஸ்லிப்பின் மூலையில் இருக்கும் ஏ.பி.என். என்ற நிறுவனப் பதிவு எண் மாறியிருக்கும். சட்டத்தின் கண்ணில் அது வேறு முதலாளி. அவர் தன் பெயரில் ஸ்பான்சராகி நாமினேஷன் போட வேண்டும். பே ஸ்லிப் வந்ததும் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் அந்தப் பதினொரு இலக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களுக்குப் போகத் தயாராக இருப்பவர்களுக்கு 494 என்ற பிராந்திய விசா உண்டு. பெர்த், அடிலெய்டு, கோல்ட் கோஸ்ட்டும் இதில் அடக்கம். மூன்று ஆண்டு கழித்து 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு இதில் பிடித்தது, 191-க்கு நாமினேஷன் தேவையில்லை. கடைசிப் படி உங்கள் கையிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டின் வரிக் கணிப்பு அறிக்கைகளைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது, ஆனால் அவை இல்லாமல் நடக்காது.

186 கிடைத்த மறுநாள் வரும் கேள்வியும் எனக்குத் தெரியும்: "இனி வேலையை விடலாமா?" அந்த விசாவில் 'இரண்டு ஆண்டு இருந்தே ஆக வேண்டும்' என்ற நிபந்தனை ஒட்டப்பட்டிருக்காது. ஆனால் அந்தப் பதவி குறைந்தது இரண்டு ஆண்டுக்கு இருக்கும் என்று முதலாளியும், அதில் வேலை பார்ப்பேன் என்று நீங்களும் சொல்லித்தான் விசா வந்திருக்கிறது. சொன்னது அன்றைக்கே பொய் என்று பின்னாளில் தெரிந்தால் கேள்வி வரும். உண்மையான காரணம் இருந்து விலகினால், கடை மூடியதோ, உடல்நலமோ, சம்பளத் தகராறோ, அதற்கான கடிதங்களை எடுத்து வையுங்கள். அப்புறம், விசாக் கடிதத்தில் 5 ஆண்டுப் பயணத் தேதி ஒன்று இருக்கும். நாட்டில் இருக்கும்வரை அது தாண்டினாலும் உங்கள் பி.ஆர். போகாது. வெளிநாட்டில் இருக்கும்போது தாண்டினால் திரும்பி வர ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா வேண்டும். டிக்கெட் போடுமுன் அந்தத் தேதியைப் பாருங்கள்.