வயோஸ்ரீ திட்டத்தில் இருக்கையுள்ள சக்கர வாக்கர்: யாருக்குக் கிடைக்கும், எதைப் பார்த்துப் பெற வேண்டும்

வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் முதியவர்களுக்கு வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பல்செட்டு போன்றவற்றை விலையின்றி வழங்குவதற்காக ஒன்றிய அரசு நடத்திவரும் திட்டம் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா. 2017 ஏப்ரல் 1 அன்று ஆந்திர மாநிலம் நெல்லூரில் தொடங்கப்பட்ட இத்திட்டம் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கருவிகளைத் தயாரித்து, முகாம்களை நடத்தி, பயனாளிகளின் கையில் சேர்க்கும் பொறுப்பு, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1972-இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனத்திடம் உள்ளது. திட்டச் செலவு மூத்த குடிமக்கள் நல நிதியிலிருந்து செய்யப்படுகிறது. சிறுசேமிப்பிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பல ஆண்டுகளாக யாரும் உரிமை கோராமல் கிடந்த தொகைகளைக் கொண்டு உருவானது அந்த நிதி. முந்தைய தலைமுறையினர் உழைத்துச் சேர்த்த பணம் முதியவர்களுக்கே திரும்பிவருகிறது என்பதால், இதைக் கேட்டுப் பெறுவதில் எந்தப் பெரியவரும் கூச்சப்பட வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கருவிகளோடு பலர் கேள்விப்படாத சிலவும் உண்டு. கழிப்பிருக்கை பொருத்திய சக்கர நாற்காலி, முழங்கால் பட்டை, இடுப்புப் பட்டை, கழுத்துப் பட்டை, உட்காரும் வசதியுள்ள கைத்தடி, பிரேக் உள்ள சக்கர வாக்கர் ஆகியவை பின்னர் சேர்க்கப்பட்டவை. கடைசியாகச் சொன்னதைத்தான் ரோலேட்டர் என்கிறார்கள். நான்கு சக்கரங்களும், கைப்பிடியில் பிரேக்கும், களைப்பு வந்தால் உட்கார்ந்துகொள்ள நடுவில் ஓர் இருக்கையும் கொண்ட வடிவமே பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியே பேசுகிறது. ஏனெனில் சரியான ஆளுக்குக் கிடைத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரைத் தெருமுனைக் கோயில் வரை கூட்டிச் செல்லும் கருவி இது. பொருந்தாத ஆளுக்குக் கொடுத்தால் விழச் செய்யும் கருவியும் இதுவே.

தகுதி எளிமையானது. வயது 60 நிறைந்திருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவராகவோ, மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவராகவோ இருக்க வேண்டும். முதுமையால் நடை, பார்வை, செவித்திறன், பற்கள் ஆகியவற்றில் குறை ஏற்பட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குறை உள்ளவருக்கு ஒவ்வொரு குறைக்கும் உரிய கருவி தனித்தனியே கிடைக்கும். வாக்கர் வாங்கியதனால் காது கேட்கும் கருவிக்கான உரிமை போய்விடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பயனாளிகளில் 30 விழுக்காட்டினர், இயன்றவரை, பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இத்திட்டத்துக்குத் தேவையில்லை. முதுமைத் தளர்ச்சியே போதுமான காரணம் என்பது இதன் சிறப்பு.

கையில் வைத்திருக்க வேண்டியவை ஆதார் அட்டை, ஒளிப்படம், வருமானத்துக்கான சான்று ஆகியவை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் அதற்கான ஆணையையும், பெறாதவர் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் விண்ணப்பித்துப் பெறும் வருமானச் சான்றிதழையும் கொண்டு செல்லலாம். பயனாளிகளை அடையாளம் காண்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் வேலை என்பதால், முகாம் எப்போது நடக்கிறது என்று கேட்க வேண்டிய இடமும் ஆட்சியர் அலுவலக வளாகமே. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவி எண்ணும் நாடு முழுவதும் செயல்படுகிறது.

பொதுவாக இரண்டு முகாம்கள் நடக்கும். முதலாவது மதிப்பீட்டு முகாம். இரண்டாவது, சில வாரங்களோ மாதங்களோ கழித்து நடக்கும் வழங்கும் முகாம். மேடை, விருந்தினர், ஒளிப்படம் எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும் என்பதால் குடும்பத்தினரின் கவனம் அதன் மேலேயே செல்கிறது. ஆனால் எந்தக் கருவி என்பது முதல் முகாமிலேயே, ஒரு மேசைக்கு முன்னால், சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்குத் தயாராகச் செல்வதே இத்திட்டத்தால் முழுப் பயன் பெறுவதற்கான வழி. என் பெரியம்மாவுக்காக நாங்கள் ஒரு முகாமுக்குப் போனபோது, அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது சிரமம் என்று கருதி ஆதாரை மட்டும் எடுத்துச் சென்றோம். அவரைப் பாராமல் பெயர் எழுதப்பட்டது. சக்கரமில்லாத சாதாரண வாக்கர் வந்தது. அதைத் தூக்கி முன்வைக்கும் வலிமை அவருடைய தோளில் இல்லாததால் ஈரத்துணி காயப்போடவே அது பயன்பட்டது. தவறு எங்களுடையது. நடப்பவரை நேரில் கூட்டிச் செல்லாமல் நடைக்கருவி கேட்கக் கூடாது.

முகாமுக்குப் போகும் முன்பே வீட்டில் சிலவற்றைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முதலில், பெரியவர் எதற்காகத் தடுமாறுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கால் சுமாராகத் தாங்குகிறது, ஆனால் நூறடி நடந்ததும் மூச்சு வாங்குகிறது, முதுகு வலிக்கிறது, எங்காவது உட்காரத் தோன்றுகிறது என்றால் இருக்கையுள்ள சக்கர வாக்கர் அவருக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைக் கைகளில் இறக்கினால்தான் நிற்கவே முடிகிறது என்றால் அவருக்கு இது ஆகாது. சக்கரங்கள் உருண்டு முன்னே ஓட, ஆள் பின்னே விழுந்துவிடுவார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்த புதிதில் இருப்பவர்களுக்கு நான்கு கால்களும் ரப்பர் குப்பியோடு தரையில் ஊன்றி நிற்கும் சாதாரண வாக்கரை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர் இரண்டு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடிக்க முடியாது; அவருக்கு நான்கு முனை ஊன்றுகோலோ, ஒரு கையாலேயே இயக்கும் பிரேக் உள்ள வடிவமோ வேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் சிலர் நடக்க நடக்கக் கால்கள் தாமாகவே வேகமெடுத்து முன்னே சாய்வார்கள். சாதாரண ரோலேட்டர் அந்த வேகத்தை இன்னும் கூட்டிவிடும் என்பதால் நரம்பியல் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேட்காமல் அவர்களுக்கு இதைத் தரக் கூடாது. மறதி நோய் முற்றியவர் பிரேக்கைப் பூட்டாமலே இருக்கையில் அமர்ந்துவிடக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது அளவு. வழக்கமாக அணியும் செருப்போடு பெரியவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் ரேகைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தால், பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்கும். அதைவிடத் தாழ்ந்தால் கூன் விழும்; உயர்ந்தால் தோள் தூக்கிக்கொண்டு வலிக்கும். இருக்கைக்கு வேறொரு அளவு உண்டு. பாதங்கள் தரையில் முழுதாகப் பதிந்து முழங்கால் செங்கோணமாக மடங்குகிற உயரமே சரியான இருக்கை உயரம். பெரும்பாலான வடிவங்களில் கைப்பிடியை ஏற்றி இறக்க முடியும், இருக்கையை முடியாது. நம் ஊர்ப் பாட்டிமார்களில் பலர் உயரம் குறைந்தவர்கள் ஆகையால் கால் தொங்கும் இருக்கையில் அமர்ந்து, எழும்போது வழுக்கிவிடும் ஆபத்து உண்மையானது. எனவே முகாமில் மாதிரிக் கருவி இருந்தால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பெரியவரின் எடையைச் சொல்லி, கருவி எவ்வளவு தாங்கும் என்பதையும் கேளுங்கள். கொடுக்கப்படும் வடிவத்தில் இருக்கை உண்டா என்பதும் முன்னதாகக் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தியே.

மூன்றாவது, வீடு. இதை யாரும் முகாமில் கேட்பதில்லை. நாமே சொல்ல வேண்டும். நான்கு சக்கர வாக்கரின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். நம் வீடுகளின் குளியலறைக் கதவு பல இடங்களில் இரண்டேகால் அடிதான். கதவு முழுதாகத் திறக்காவிட்டால் வழி இன்னும் குறுகும். நிலைப்படியின் உயரம், முற்றத்துக்கு இறங்கும் படி, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் இடைவெளி ஆகியவற்றை இஞ்சு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் மூன்று படிகள் உள்ள வீட்டில் ஒவ்வொரு முறையும் யாராவது வாக்கரைத் தூக்கி இறக்கித் தர வேண்டியிருக்கும். பகலில் தனியாக இருக்கும் பெரியவருக்கு அது உதவியாக அமையாது. தெரு மண்ணோ, சல்லியோ, பெயர்ந்த சிமென்ட்டோ என்றால் 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய சக்கரங்கள் வேண்டும். சிறிய சக்கரங்கள் ஒவ்வொரு குழியிலும் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். இந்த அளவீடுகளையெல்லாம் எடுக்க ஆளில்லாத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருந்தால், வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளரிடமே எந்தக் கருவி பொருந்தும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தாள் மதிப்பீட்டு மேசையில் பேச்சைச் சுருக்கமாக்கும்.

இருக்கையுள்ள வாக்கர் கிடைத்தபின் முதல் வாரம் முழுவதும் யாராவது உடன் நடக்க வேண்டும். உட்காரும் முறையைப் பழக்குவதே இதில் முக்கியம். வாக்கரைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு பிரேக் பிடிகளையும் கீழே அழுத்திப் பூட்டி, திரும்பி, பின்னங்காலில் இருக்கை தட்டும் வரை பின்வாங்கி, கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு மெல்ல அமர வேண்டும். எழுவதும் பூட்டிய நிலையில்தான். பாட்டியை அதில் உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கால் வைக்க இடமில்லாத, பின்புறம் போதிய தாங்கல் இல்லாத அந்த இருக்கை ஓடும்போது உட்காருவதற்காகச் செய்யப்படவில்லை. சிறு கல் தடுக்கினாலும் ஆள் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடலாம். முன்கூடையில் தண்ணீர்க்குடம், அரிசிப்பை போன்ற பாரங்களை வைப்பதும் கூடாது.

வயோஸ்ரீயில் வழங்கிய கருவிகளுக்கு ஓராண்டு காலத்துக்கு அலிம்கோ கட்டணமின்றிப் பராமரிப்புச் செய்து தர வேண்டும். பிரேக் கம்பி தளர்வதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பழுது. பிடித்தாலும் சக்கரம் நகர்கிறது என்றால் சரிசெய்யும் வரை பயன்படுத்தக் கூடாது. வழங்கும்போது தரப்படும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் வயோஸ்ரீயில் இடம் கிடைக்காதவர்களுக்கும், 60 வயது நிறையாதவர்களுக்கும் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஏடிஐபி திட்டம் அது. குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உண்டென்ற சான்றிதழ் இதற்கு வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழு விலையும், 30,000 ரூபாய் வரை என்றால் பாதி விலையும் அரசு ஏற்கும். இதற்கு வயது வரம்பு கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. பக்கவாதத்துக்குப் பின் கை கால் செயலிழந்தவர்களும் இயக்கக் குறைபாடு உள்ளவர்களாகச் சான்றிதழ் பெற முடியும். எழுபது வயதில் பக்கவாதம் வந்த தந்தையை மாற்றுத்திறனாளி என்று பதிவு செய்யப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த அட்டை பேருந்துச் சலுகை உள்ளிட்ட பல உரிமைகளுக்கும் வழிசெய்கிறது என்பதால் தயங்காமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். ஏடிஐபியில் ஒருமுறை கருவி பெற்றவர் அதே வகைக் கருவியை மீண்டும் பெற மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே பொருந்தாத ஒன்றை ‘கிடைத்தவரை போதும்’ என்று வாங்கிவைப்பது, தேவையான கருவியை மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுவதாகிவிடும். சென்னை வட்டாரத்தில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் அதிகாரமளித்தல் நிறுவனத்திலும் இத்திட்டம் குறித்துக் கேட்கலாம்.

மதிப்பீட்டு முகாம் நடக்கும் நாளில் காலையிலேயே சென்றுவிடுங்கள். பெரியவர் அன்றாடம் அணியும் செருப்பு, கண்ணாடி, குடிக்கத் தண்ணீர், சர்க்கரை நோய் இருந்தால் நேரத்துக்கு உண்ண ஏதாவது, மருந்துச் சீட்டு, வீட்டு அளவுகள் எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மேசைக்கு முன் அமர்ந்ததும் பிள்ளைகள் பேசத் தொடங்காமல், எங்கே வலிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எங்கே போக ஆசை என்பவற்றைப் பெரியவரையே சொல்லவிடுங்கள்.