நானூறு விளையாட்டுப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

மாசிமகத்துக்குக் கும்பகோணம், கந்தூரிக்கு நாகூர், ஆவணியில் வேளாங்கண்ணி, ஐப்பசியில் மயிலாடுதுறைக் கடைமுகம் என்று டெல்டாவில் கூட்டம் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கருவியும் வந்துவிடுகிறது. கையகலப் பெட்டி, சின்னத் திரை, சிவப்புப் பொத்தான்கள், அட்டையில் '400 விளையாட்டுகள்' என்று கொட்டை எழுத்து. திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் அவை என்னைப் போன்ற பழுதுபார்ப்புக் கடைக்காரர்களிடம் வரத் தொடங்கும். பெரும்பாலான கடைகளில் "இதற்கெல்லாம் சர்வீஸ் கிடையாது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். கூலி கட்டாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காததால்தான், அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கும் துணிச்சல் விற்பவர்களுக்கு வருகிறது.

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது: "தம்பி, நானூறு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். பிள்ளை என்னடாவென்றால் திரும்பத் திரும்ப ஒன்றேதான் வருகிறது என்கிறான். இவனுக்கு விளையாடத் தெரியவில்லையா?" பிள்ளைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. "அவன் சொல்வதுதான் சரி அக்கா" என்றேன்.

இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 1980களின் எளிய விளையாட்டு ஒன்று 24 அல்லது 40 கிலோபைட் இடம் பிடிக்கும். பெட்டிக்குள் இருப்பது 8 மெகாபைட் சிப் என்றால், அதாவது 8192 கிலோபைட் என்றால், 40 கிலோபைட் விளையாட்டுகள் 204 தான் கொள்ளும். எல்லாமே 24 கிலோபைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 341-ஐத் தாண்டாது. நானூறு வேறுவேறு விளையாட்டுகள் அதில் அடங்காது. மெனுவில் நானூறு பெயர்கள் மட்டும் அடங்கும். '9999' என்று அச்சிட்ட பெட்டிகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. பழைய கறுப்புக்கட்டை பிரிக் கேம்களில் இருந்தவை 4 பிட் கட்டுப்பாட்டுச் சிப்கள். ஒரே விளையாட்டை வேகத்தாலும் நிலையாலும் பெருக்கி வந்த எண்தான் 9999.

கலர்த் திரைப் பெட்டிகளின் மூலம் ஜப்பானில் 1983 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம். 6502 என்ற 8 பிட் செயலியின் மாற்று வடிவம் ஒன்று, படம் வரையத் தனிச் சிப் ஒன்று, 2 கிலோபைட் நினைவகம் ஆகியவைதான் அதன் உறுப்புகள். பின்னாளில் நகல் எடுத்தவர்கள் இவ்வளவையும் ஒரே சிலிக்கன் துண்டுக்குள் அடக்கிவிட்டார்கள். தைவானின் வி.ஆர். டெக்னாலஜி இன்னும் ஒரு படி மேலே போய், விடி02, விடி03 என்று பழைய வடிவத்தோடு கூடுதல் வசதிகளையும் சேர்த்துச் சிப்களைச் செய்தது. விடி03-இல் ஒரு பிக்சலுக்கு 4 பிட் நிறம் கிடைக்கும். மூலக் கருவியில் 2 பிட்தான். ஆகவே திருவிழாப் பெட்டி வெறும் நகல் அல்ல. மூலக் கருவியில் ஓடவே ஓடாத விளையாட்டுகளும் சிலவற்றுக்குள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் பெயர் எங்கும் கிடையாது, பல விளையாட்டுகளுக்கு வேறு பிரதியும் கிடையாது. நான் இவற்றைக் குப்பையில் போடாமல், சிப்பில் உள்ளதைக் கணினிக் கோப்பாகப் படித்து வைப்பதற்கு இதுவே காரணம்.

இனிப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு திருகாணிகள். போர்டில் இரண்டு காட்சிகளில் ஒன்று தெரியும். கால்கள் வைத்த சிப் இருந்தால் அதிர்ஷ்டம். செயலி, நினைவகம் எல்லாவற்றையும் கறுப்புப் பசை மூடியிருந்தால் வேலை பல மடங்கு. பசைக்குள் இருப்பது உறையில்லாத சிலிக்கன், அதை முடியைவிட மெல்லிய கம்பிகள் போர்டோடு இணைக்கின்றன. சுரண்டினால் கம்பி அறும். நைட்ரிக் அமிலத்தால் பசையைக் கரைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் என்னிடம் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அது புகைபோக்கியும் பாதுகாப்பு உடையும் உள்ள ஆய்வகத்தில் செய்கிற வேலை. வீட்டு மாடியில் வேண்டாம்.

எட்டுக்கால் ஃபிளாஷ் நினைவகச் சிப் கிடைத்தவர்களுக்கு, அதைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் சிஎச்341ஏ என்ற மலிவான ப்ரோகிராமர் கருவி போதும். கடையில் கிடைக்கும் கறுப்புப் பலகை வகையில் ஒரு பழுது உண்டு. சிப்புக்கு மின்சாரம் 3.3 வோல்ட்டில் போகும், தரவுக் கம்பிகளில் மட்டும் 5 வோல்ட் வரும். வாங்கியதும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். சில சிப்கள் தாங்கும், சில தாங்காது, 1.8 வோல்ட் சிப் என்றால் நிச்சயம் தாங்காது.

படிப்பதற்கு முன் சிப்பிடம் அதன் அடையாளத்தைக் கேட்க வேண்டும். 159 என்ற கட்டளையை அனுப்பினால் மூன்று எண்கள் திரும்பி வரும். வின்பாண்ட் நிறுவனத்தின் 8 மெகாபைட் சிப் 239, 64, 23 என்று சொல்லும். முதல் எண் தயாரிப்பாளர், இரண்டாவது வகை. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: 2-ஐ 23 முறை பெருக்கினால் 83,88,608, அத்தனை பைட் அந்தச் சிப்பில் இருக்கிறது. 24 என்று வந்தால் 16 மெகாபைட். அட்டையில் உள்ள நானூறு சாத்தியமா என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிடும். மூன்றும் 255 என்றோ 0 என்றோ வந்தால், ப்ரோகிராமரைச் சிப்பின் கால்களோடு இணைக்கும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் சிப்பைத் திரும்ப வைக்காதீர்கள். கடலோரத்திலிருந்து வரும் பெட்டிகளில் உப்புக்காற்று பட்டுக் கால்களில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகே அவை ஒழுங்காகப் பேசும்.

கோப்பு கையில் வந்ததும் நிறையப் பேர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். எட்டு மெகாபைட் எண்கள்; விளையாட்டு எங்கே தொடங்குகிறது? இங்கே பழைய நிரலாளர்களின் பழக்கம் ஒன்று கைகொடுக்கிறது. ஃபாமிகாம் விளையாட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்தில் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து வைத்தார்கள். பத்தடிமான எண்களில் சொன்னால் 120, அதன் பின் 216. முதலாவது, செயலியின் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடுகளை நிறுத்து என்பது. இரண்டாவது, பதின்மக் கணக்கு முறையை அணை என்பது. வேடிக்கை என்னவென்றால் ஃபாமிகாமின் செயலியில் அந்தப் பதின்மக் கணக்கு முறை கிடையவே கிடையாது. இல்லாத விளக்கை அணைக்கச் சொல்லும் கட்டளை. 6502 பழக்கத்தில் எழுதிவிட்டார்கள். நமக்கு அது கைரேகை போலப் பயன்படுகிறது. கோப்பு முழுவதும் 120, 216 என்ற இணையைத் தேடினால் விளையாட்டுகளின் தலைவாசல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். செயலி உயிர் பெற்றதும் முதலில் பார்ப்பது 65532, 65533 ஆகிய முகவரிகளை. அங்கே எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் அது தாவும். அந்தத் தாவல் போய்ச் சேரும் இடத்தில் 120, 216 இருந்தால் சந்தேகமில்லை.

சில பெட்டிகளில் இந்த இணை தேடினாலும் அகப்படாது. கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தயாரிப்பாளர் வேண்டுமென்றே பிட்களை இடம் மாற்றியிருக்கலாம், அல்லது போர்டில் கம்பி இழுக்க வசதியாகத் தரவு இணைப்புகளைக் குறுக்கே போட்டிருக்கலாம். 120 இருமத்தில் 01111000. 216 என்பது 11011000. மேல் முனையில் உள்ள இரண்டு பிட்களும் இடம் மாறினால் முதலாவது 10111000, அதாவது 184 ஆகிவிடும். இரண்டாவதில் அந்த இரண்டு பிட்களுமே 1 என்பதால் அது 216 ஆகவே நிற்கும். ஆக, 184, 216 என்ற இணை கோப்பில் அடிக்கடி வந்தால் பூட்டின் சாவி கிடைத்ததுபோல்தான். அந்த மாற்றத்தைக் கோப்பு முழுவதும் திருப்பிப் போட்டு, வழக்கமாக அடுத்து வரும் 169, 141 போன்ற கட்டளைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பாருங்கள். எட்டு பிட்களை வரிசைப்படுத்தும் வழிகள் மொத்தம் 40,320. ஒரு சின்ன நிரல் எழுதினால் கணினி காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடும். ஓர் எச்சரிக்கை: சில சிப்களில் கட்டளைகளுக்கு மட்டும் பிட் மாறும், படங்களுக்கு மாறாது. அங்கே கோப்பை முழுதாகத் திருப்பினால் படம் சிதைந்துவிடும். பழைய கருவியைப் போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருளான எமுலேட்டரின் செயலிப் பகுதியில்தான் கைவைக்க வேண்டும்.

படங்கள் எங்கே என்பது கண்ணாலேயே தெரியும். எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டம் ஒன்றுக்கு 16 பைட். கட்டங்களைக் காட்டும் மென்பொருளில் கோப்பைத் திறந்து உருட்டிக்கொண்டே போனால் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று எழுத்துகள் வரும், எண்கள் வரும், கார் வரும், மரம் வரும். மெனுப் பட்டியலையும் இப்படித்தான் பிடிக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் எந்தப் பகுதி என்ற எண் ஒன்று இருக்கும். இரண்டு வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே எண் என்றால், ஒரே விளையாட்டை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். அந்த அம்மாவின் மகன் கண்டுபிடித்தது இதைத்தான்.

எமுலேட்டரில் ஓட்டும்போது வேறு சங்கதிகள் தெரியவரும். மூலக் கருவியில் நிரலுக்கும் படத்துக்கும் தனித்தனி வழித்தடம். விடி வகைச் சிப்களில் இரண்டும் ஒரே வழித்தடத்தில் ஒரே நினைவகத்திலிருந்து வருகின்றன. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே சாதாரண ஃபாமிகாம் எமுலேட்டரில் இந்தக் கோப்பைப் போட்டால் கறுப்புத் திரைதான். கோப்பின் தலைப்பில், நினைவகம் செயலியோடு இணைந்திருக்கும் விதத்தைச் சொல்லும் மேப்பர் எண்ணாக 256-ஐக் குறித்து, அதை அறிந்த எமுலேட்டரில் திறக்க வேண்டும். 1997 முதல் வளர்ந்துவரும் மேம் என்ற திறந்த மூல எமுலேட்டரிலும் இவ்வகைப் பெட்டிகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

ஒலியும் வேறுபடும். பல நகல் சிப்களில், சதுர ஒலியலை ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கும் என்பதைச் சொல்லும் 25 விழுக்காடு, 50 விழுக்காடு ஆகிய இரண்டு அமைப்புகளும் இடம் மாறிக் கிடக்கின்றன. இந்தியத் தொலைக்காட்சிகளுக்காக 50 ஹெர்ட்ஸில் ஓடிய பழைய பெட்டிகளில், 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய இசை ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் கேட்டது. தொண்ணூறுகளில் நம்மூரில் இவற்றோடு வளர்ந்தவர்களுக்கு ஜப்பானிய மூலத்தைக் கேட்கும்போது ஏதோ தப்பாக ஒலிப்பதாகத் தோன்றும். எமுலேட்டர் எழுதுபவர் இந்தப் பிழையைத் 'திருத்தி'விடக் கூடாது என்பது என் கட்சி. பெட்டி எப்படி ஒலித்ததோ அப்படித்தான் பதிவாக வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பேட்டரி. பெரும்பாலான பெட்டிகளில் பழைய நோக்கியா போன்களில் இருந்த பிஎல்-5சி அளவுதான் இருக்கும். அந்த வகையில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்ட 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியாவே எச்சரித்து மாற்றித்தர முன்வந்தது. பெரிய நிறுவனத்தின் சரக்குக்கே அந்த நிலை என்றால், பெயரற்ற பேட்டரியை என்ன சொல்ல? லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறக் கூடாது. நான் திறந்த சிலவற்றில் அதைத் தடுக்கும் சிப்பே இல்லை, வெறும் டயோடு ஒன்றுதான் இருந்தது. உப்பிய பேட்டரியை அமுக்கி மூடியைப் பூட்டாதீர்கள், குத்தாதீர்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பாயிலும் மெத்தையிலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். புதிய யுஎஸ்பி சி வகைத் துளையுள்ள பெட்டி, இருபுறமும் சி முனை உள்ள கம்பியில் சார்ஜ் ஆகாவிட்டால் பழுது என்று பதறவும் வேண்டாம். சார்ஜர் பெட்டியை அடையாளம் காணத் தேவையான 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய வகையாக உள்ள கம்பியில் அது ஏறும்.

வாங்கும்போதே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னணு வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்குக் கட்டாயப் பதிவு 2012-ஆம் ஆண்டு ஆணையிலேயே வந்துவிட்டது. பிஐஎஸ் கேர் என்ற கைபேசிச் செயலியில் எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். திருவிழாக் கடையில் அந்த எண்ணைக் கேட்டால் விற்பவர் முகத்தைச் சுளிப்பார், கேளுங்கள்.

சட்டம் பற்றி மாணவர்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறைப்படி கையில் உள்ள நிரலின் இயக்கத்தைக் கவனித்து, ஆராய்ந்து, அதன் கருத்துகளை அறிந்துகொள்வதை மீறலாகக் கருதவில்லை. பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பது பற்றி 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு தனி. படித்தெடுத்த விளையாட்டுகளை இணையத்தில் எல்லாருக்கும் ஏற்றிவிடுவது வேறு விஷயம். 1983-இல் வந்த விளையாட்டுக்கும் பதிப்புரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நகல் பெட்டியில் இருப்பதாலேயே அது பொதுச் சொத்தாகிவிடாது. எமுலேட்டர் நிரல், சிப்பின் விவரக்குறிப்பு, போர்டின் படம் ஆகியவை உங்கள் உழைப்பு. அவற்றைத் தாராளமாகப் பகிருங்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது கூடவே சேர்க்க வேண்டியவை: போர்டின் இருபுறப் படம், அதில் அச்சிட்ட எண்ணும் தேதியும், சிப் சொன்ன மூன்று அடையாள எண்கள், எந்தப் பிட்களைத் திருப்பினீர்கள் என்ற குறிப்பு, திருப்பாத மூலக் கோப்பு. வெளி அட்டையின் பெயரை மட்டும் நம்பிக் கோப்புக்குப் பெயர் வைக்காதீர்கள். ஒரே அட்டைக்குள் மூன்று விதப் போர்டுகள் வருவதுண்டு.